ஒலி மங்கிய இரவில் வானத்தை அளந்தவர்

1924ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி இரவு. இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ன்மத் நகரின் பிபிசி நிலையம் அன்றைய நிகழ்ச்சிகளை முடித்துக்கொண்டது. நேயர்கள் வானொலிப் பெட்டியை அடைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள். ஆனால் ஒலிபரப்பியை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு பேச்சோ பாட்டோ இல்லாத வெறும் அலையை அது அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த அலையின் அதிர்வெண்ணைப் பொறியாளர்கள் கொஞ்சம் கொஞ்சமாக, சீராக மாற்றினார்கள்.

சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி ஆக்ஸ்ஃபர்டில் இருவர் ஏற்பியின் முன் உட்கார்ந்து, வந்துசேரும் அலையின் வலிமையைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எட்வர்ட் ஆப்பிள்டன், வயது 32. மற்றவர் நியூசிலாந்திலிருந்து ஆராய்ச்சிக்காக வந்திருந்த மைல்ஸ் பார்னெட். அலை வலுத்தது, மங்கியது, மீண்டும் வலுத்தது, மீண்டும் மங்கியது. எத்தனை முறை மங்குகிறது என்று எண்ணுவதுதான் அன்றைய வேலை. அந்த எண்ணிக்கையிலிருந்து, நம் தலைக்கு மேல் வானொலி அலைகளைத் திருப்பியனுப்பும் ஒரு கூரை இருப்பதையும், அது சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதையும் அவர்கள் கண்டுபிடித்தார்கள்.

இன்று தரவு மோடம் வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு எதிரியாக இருப்பது அதே மங்கல்தான். அதனால்தான் ஆப்பிள்டனின் கதையை இந்தப் பக்கத்தில் சொல்லலாம் என்று நினைத்தேன். மின்னியல் பொறியியல் படிக்கும் எங்களுக்கு அவர் பெயர் ஒரு சமன்பாட்டின் தலைப்பாக மட்டுமே அறிமுகமாகிறது.

ஆப்பிள்டன் 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் தேதி, கம்பளி ஆலைகளுக்குப் பேர்போன பிராட்ஃபர்ட் நகரில் பிறந்தார். தந்தை கிடங்கில் வேலை பார்த்தவர். வசதியான குடும்பம் இல்லை. படிப்பில் கெட்டிக்காரராக இருந்ததால் உள்ளூர்ப் பள்ளியிலிருந்து உபகாரச் சம்பளம் பெற்று, 18 வயதில் கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குப் போனார். இயற்பியலில் முதல் வகுப்பில் தேறினார். ஆராய்ச்சியைத் தொடங்கும் வேளையில் முதல் உலகப்போர் வெடித்தது.

போர் அவருடைய பாதையை மாற்றியது. ராணுவப் பொறியாளர் படையில் தகவல்தொடர்பு அதிகாரியாகப் பணியாற்றியபோதுதான் கம்பியில்லாத் தந்தியும் வால்வுகளும் அவர் கைக்கு வந்தன. போர் முடிந்து கேம்பிரிட்ஜுக்குத் திரும்பியதும் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே ரதர்ஃபோர்டின் தலைமையில் எல்லாரும் அணுவுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஆப்பிள்டனுக்கு மட்டும் வானொலிமேல்தான் கண்.

அப்போது தீராத ஒரு புதிர் இருந்தது. 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வானொலிச் சமிக்ஞையை அனுப்பியிருந்தார். அலை நேர்கோட்டில் போகும், பூமியோ உருண்டை. பிறகு எப்படிப் போய்ச் சேர்ந்தது? அடுத்த ஆண்டே அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் தனித்தனியாக ஒரு விளக்கம் சொன்னார்கள். வானத்தின் உயரத்தில் மின்சாரம் கடத்தும் படலம் ஒன்று இருக்கலாம், அலை அதில் பட்டுத் திரும்பலாம் என்பது அவர்கள் கருத்து. நல்ல கருத்துதான். ஆனால் 20 ஆண்டுக்கு மேலாகியும் அப்படி ஒரு படலம் இருப்பதை யாரும் நேரடியாகக் காட்டவில்லை.

1922இல் பிபிசி ஒலிபரப்பைத் தொடங்கியது ஆப்பிள்டனுக்குப் பெரிய வாய்ப்பாக அமைந்தது. நாள் தவறாமல் ஒரே இடத்திலிருந்து வலுவான அலை வந்துகொண்டிருந்தது. லண்டன் நிலையத்தின் அலையை ஆப்பிள்டனும் பார்னெட்டும் கேம்பிரிட்ஜில் அளந்தார்கள். பகலில் அது ஆடாமல் அசையாமல் இருந்தது. இருட்டியதும் ஏறி இறங்கத் தொடங்கியது.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரவில் சிற்றலையில் இலங்கை வானொலியைக் கேட்டவர்களைக் கேளுங்கள். பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று கிணற்றுக்குள் விழுந்ததுபோல் அமிழும். சற்று நேரத்தில் தானாக எழும். பெட்டியில் கோளாறு ஒன்றும் இருக்காது.

ஆப்பிள்டன் இப்படி யோசித்தார். ஏற்பிக்கு இரண்டு வழிகளில் அலை வருகிறது. ஒன்று தரையை ஒட்டி நேராக வருவது. இன்னொன்று மேலே போய்ப் பட்டுத் திரும்பி வருவது. இரண்டும் முகடோடு முகடு சேர்ந்து வந்தால் ஒலி வலுக்கும். ஒன்றின் முகடும் மற்றொன்றின் பள்ளமும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மேலே உள்ள படலம் அசைய அசைய இந்தக் கூட்டலும் கழித்தலும் மாறி மாறி நடக்கும். பகலில் ஏன் மங்குவதில்லை? வெயில் நேரத்தில் கீழ்ப்பகுதியில் உருவாகும் ஒரு படலம் மேலே போகும் மத்திய அலையை உறிஞ்சிவிடுகிறது. அப்போது ஏற்பிக்குத் தரை வழி அலை மட்டுமே கிடைக்கிறது.

இதுவரை சொன்னது விளக்கம். இதை அளவாக மாற்றியதுதான் அவருடைய சாமர்த்தியம். படலம் அசையும்வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? அதிர்வெண்ணை நாமே மாற்றினால் மங்கலையும் நாமே வரவழைக்கலாம். எவ்வளவு மாற்றினோம் என்பது நமக்குத் தெரியும். எத்தனை முறை மங்கியது என்பதை எண்ணிக்கொள்ளலாம். இரண்டு வழிகளுக்கும் உள்ள தூர வித்தியாசம் அதிலிருந்து கிடைத்துவிடும்.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். உயர்நிலைப் பள்ளிக் கணிதம் போதும். இரண்டு ஊர்களுக்கும் நடுவில் 120 கிலோமீட்டர். அதில் பாதி 60. படலத்தின் உயரம் 90 என்று வைத்துக்கொள்வோம். பித்தகோரஸ் தேற்றப்படி, மேலே போக 108 கிலோமீட்டர், கீழே வர 108, மொத்தம் 216. தரை வழியைவிட 96 கிலோமீட்டர் அதிகம். ஒளியின் வேகத்தை இந்த 96 கிலோமீட்டரால் வகுத்தால் ஏறத்தாழ 3,100 ஹெர்ட்ஸ் வரும். அதாவது, அதிர்வெண் ஒவ்வொரு 3,100 ஹெர்ட்ஸ் நகரும்போதும் ஒருமுறை மங்கும். அதை 20,000 ஹெர்ட்ஸ் நகர்த்தினால் ஆறு முறை மங்கும். ஆக்ஸ்ஃபர்டில் அமர்ந்திருந்தவர்கள் இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டார்கள்.

இருந்தாலும் ஒரு சந்தேகத்துக்கு இடமிருந்தது. அலை ஏதோ மலையிலோ வேறெதிலோ பட்டுப் பக்கவாட்டிலிருந்து வந்திருந்தால்? அதற்காக இன்னொரு சோதனையும் செய்தார்கள். நிமிர்ந்து நிற்கும் ஏரியலிலும் சட்டம்போல் சுற்றிய ஏரியலிலும் ஒரே நேரத்தில் மங்கலை அளந்து ஒப்பிட்டு, இரண்டாவது அலை மேலிருந்துதான் இறங்குகிறது என்று உறுதிப்படுத்தினார்கள். என்னைக் கேட்டால், முதல் சோதனையைவிட இதுதான் அவர் எப்படிப்பட்ட ஆய்வாளர் என்பதைக் காட்டுகிறது. விடை கைக்கு வந்த பிறகும் அதை உடைத்துப் பார்க்க முயன்றிருக்கிறார்.

இனி மோடத்துக்கு வருவோம். மேலே போட்ட கணக்கில் வானத்து அலை 96 கிலோமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்கிறது. அதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 0.32 மில்லி வினாடி. பாட்டுக் கேட்பவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. தரவு அனுப்புபவருக்கு அப்படியல்ல. பரவலாகப் பயன்படும் ஒருவகைச் சிற்றலை மோடம் வினாடிக்கு 2,400 குறிகளை அனுப்புகிறது. ஒரு குறியின் ஆயுள் 0.42 மில்லி வினாடிதான். 0.32 மில்லி வினாடி பிந்தி வரும் அலை அடுத்த குறியின் முக்கால் பகுதியின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒரே வகுப்பறையில் இரண்டு ஆசிரியர்கள் ஒரே பாடத்தைச் சற்று முன்பின்னாக நடத்துவதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். இருவர் குரலும் கேட்கும். பாடம் மட்டும் புரியாது.

அந்த 3,100 ஹெர்ட்ஸும் தற்செயலாக நம்மைத் தொடுகிறது. சிற்றலையில் ஒரு தடத்தின் அகலம் வழக்கமாக ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸ். அப்படியானால் அந்தத் தடத்தில் எங்கோ ஓர் இடத்தில் பள்ளம் விழுந்தே தீரும். சிற்றலைத் தொடர்பைச் சோதிக்கப் பயன்படும் மோசமான நிலை ஒன்றில் இரண்டு வழிகளுக்கும் உள்ள நேர வித்தியாசம் 2 மில்லி வினாடி. அப்போது 500 ஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளம் வீதம் ஒரே தடத்தில் ஆறு பள்ளங்கள் விழும். அவையும் நிலையாக இருப்பதில்லை. வினாடிக்கு வினாடி நகர்ந்துகொண்டே இருக்கும்.

திறனைக் கூட்டினால் இது சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. ஒலிபரப்பியின் வலிமையைப் பத்து மடங்காக்கினால் பிந்தி வரும் அலையும் பத்து மடங்கு வலுக்கும். அதனால் மோடம் வேறு வழி தேடுகிறது. 2,400 பிட் வேகத்தில் 32 தரவுக் குறிகளை அனுப்பியதும், இரு பக்கமும் முன்கூட்டியே அறிந்த 16 குறிகளை இடையில் செருகுகிறது. அந்த 16 குறிகள் எப்படிச் சிதைந்து வந்தன என்று பார்த்து, வழி அப்போது எப்படி இருக்கிறது என்று ஏற்பி தெரிந்துகொள்கிறது. அதற்கேற்பத் தரவுக் குறிகளைச் சீர்ப்படுத்துகிறது. நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு இதற்கே போய்விடுகிறது. தெரிந்த அலையை அனுப்பி, வந்துசேர்ந்ததைப் பார்த்து வானத்தை அறிவது போர்ன்மத்தில் நடந்ததுதான். மோடம் அதை ஒவ்வொரு வினாடியும் பல தடவை செய்கிறது.

ஒரேயடியாகச் சில வினாடி மங்கிவிட்டால்? அதற்கும் வழி உண்டு. தரவை வரிசையாக அனுப்பாமல் கலைத்துப்போட்டு அனுப்புகிறார்கள். இந்த மோடத்தில் அந்தக் கலைப்பை 4.8 வினாடிவரை நீட்டிப் பரப்பலாம். மங்கலில் தொலைந்தவை ஒரே இடத்தில் குவியாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிவிடுவதால் பிழைதிருத்தும் குறியீடு அவற்றைச் சமாளித்துவிடும். விலை என்னவென்றால், செய்தி அத்தனை நேரம் தாமதமாக வரும். கப்பலோடும், பெருங்கடலுக்கு மேல் பறக்கும் விமானத்தோடும், பேரிடரில் செல்பேசிக் கோபுரங்கள் சாய்ந்த ஊரோடும் பேசுபவர்கள் இந்த விலையைக் கொடுக்கத் தயங்குவதில்லை.

நம் வீட்டு வைஃபையிலும் இதே தொல்லைதான், சிறிய அளவில். பழைய வைஃபை முறை ஒவ்வொரு குறிக்கும் முன் 0.8 மைக்ரோ வினாடி இடைவெளி விடுகிறது. சுவரில் பட்டுத் தாமதமாக வரும் எதிரொலி 240 மீட்டர்வரை சுற்றி வந்தாலும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். சுவர் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால் அடங்காது.

ஆப்பிள்டனிடம் திரும்புவோம். 1924லேயே அவர் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். 1926-27 குளிர்காலத்தில், விடியலுக்கு முன்னால் கீழ்ப்படலம் மெலிந்திருக்கும் நேரம் பார்த்துச் சோதித்தபோது, அலை அதையும் துளைத்துக்கொண்டு 200 கிலோமீட்டருக்கும் மேலே இருக்கும் இன்னொரு படலத்தில் பட்டுத் திரும்புவதைக் கண்டார். அதற்குத்தான் ஆப்பிள்டன் படலம் என்று பெயர். அவர் தம் பெயரை வைக்கவில்லை. முதல் படலத்திலிருந்து வரும் அலையின் மின்புலத்தைத் தாளில் ஈ என்ற எழுத்தால் குறித்து வந்தார். அதனால் மேலே உள்ளது எஃப் ஆனது. கீழே ஏதாவது அகப்பட்டால் இருக்கட்டும் என்று ஏ முதல் டி வரை விட்டுவைத்தார். டி பின்னர் நிரம்பியது. பகலில் அலையை உறிஞ்சுவது அந்த டி படலம்தான்.

1930களில் அவரும் குழுவினரும் அலையைச் செங்குத்தாக மேலே அனுப்பி, எந்த அதிர்வெண்ணில் அது திரும்பி வராமல் விண்வெளிக்குப் போய்விடுகிறது என்று அளந்தார்கள். அந்த எல்லை, படலத்தில் எலெக்ட்ரான்கள் எவ்வளவு அடர்த்தியாக உள்ளன என்பதைக் காட்டும். அது பகலிரவோடும் பருவத்தோடும் சூரியப் புள்ளிகளின் 11 ஆண்டுச் சுழற்சியோடும் ஏறி இறங்குவது தெரிந்தது. சிற்றலையில் இன்றைக்கு எந்த அதிர்வெண்ணைப் பயன்படுத்தலாம் என்பதை முன்கூட்டியே சொல்ல இது வழி திறந்தது. 1932-33இல் நார்வேயின் வடகோடியில் உள்ள டிரோம்சோவுக்குப் போனார். அங்கே காந்தப்புயல் அடித்த நேரங்களில் எதிரொலியே வராமல் போனதைப் பதிவு செய்தார்.

போர்க் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வானத்திலிருந்து எதிரொலி வாங்கும் கலை, விமானத்திலிருந்து எதிரொலி வாங்கும் ராடாராக வளர்ந்தது. அதன் நாயகர் வாட்சன்-வாட். ஆப்பிள்டன் அந்த வட்டத்தில் இருந்தார். 1939இல் அரசாங்கத்தின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறைக்குச் செயலாளர் ஆனார். பிரிட்டனின் அணுகுண்டு ஆராய்ச்சியும் 1941 முதல் அந்தத் துறையின்கீழ்தான் நடந்தது. அதே ஆண்டு சர் பட்டம் கிடைத்தது. 1947இல் இயற்பியலுக்கான நோபெல் பரிசு.

நமக்கு நெருக்கமான கண்டுபிடிப்பு 1946இல் வந்தது. போர்க்காலத்தில் உலகின் பல பாகங்களில் எடுத்த அளவுகளை ஆப்பிள்டன் ஒன்றுசேர்த்துப் பார்த்தார். நடுப்பகல் வெயில் நேராகக் கொளுத்தும் பகுதியில்தான் எலெக்ட்ரான் அதிகம் இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். அளவுகள் வேறு சொல்லின. பூமியின் காந்த நிலநடுக்கோட்டின்மேல் அடர்த்தி குறைந்து, அதன் இருபுறமும் சுமார் 15 பாகை தள்ளி இரண்டு மேடுகள் இருந்தன. அங்குள்ள எலெக்ட்ரான்கள் பகலில் மேலே தூக்கப்பட்டு, காந்தப்புலக் கோடுகளின் வழியே இருபுறமும் வழிந்துவிடுகின்றன, நீரூற்றைப் போல. அந்தக் காந்த நடுக்கோடு நமக்குச் சற்று வடக்கே, தென் தாய்லாந்துப் பக்கமாகப் போகிறது. நாம் வசிப்பது ஆப்பிள்டனின் நீரூற்றுக்கு அடியில்.

அதன் விளைவை எண்களிலேயே பார்க்கலாம். சிற்றலை மோடங்களைச் சோதிக்க அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த அளவுகளில், ஐரோப்பா போன்ற நடு அட்சரேகைப் பகுதிகளுக்கான மோசமான நிலை ஒன்று 2 மில்லி வினாடி தாமதம், 1 ஹெர்ட்ஸ் ஆட்டம். நம்மைப் போன்ற தாழ்ந்த அட்சரேகைகளுக்கு அது 6 மில்லி வினாடி, 10 ஹெர்ட்ஸ். ஒரு குறியின் எதிரொலி 14 குறிகள் தள்ளி வந்து மோதும். வழியோ பத்து மடங்கு வேகமாக மாறிக்கொண்டிருக்கும். இங்கிலாந்தில் சோதித்து நன்றாக வேலை செய்த மோடத்தை அப்படியே கொண்டுவந்து மலாக்கா நீரிணையில் வைத்தால் அந்திப்பொழுதில் தடுமாற வாய்ப்புண்டு. சூரியன் மறைந்த பின் இங்கே படலத்தில் குமிழிகள் கிளம்பும் இரவுகளில் ஜிபிஎஸ் சமிக்ஞைகூடப் படபடக்கிறது.

1949இல் ஆப்பிள்டன் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். நிர்வாக வேலை தலைக்கு மேல் இருந்தும் ஆராய்ச்சியை விடவில்லை. மேல்வளிமண்டல ஆய்வுக்கென ஓர் இதழைத் தொடங்கி ஆசிரியராகவும் இருந்தார். 1965ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி, அந்தப் பதவியில் இருக்கும்போதே காலமானார். வயது 72. பார்னெட் முன்பே தாயகம் திரும்பி, நியூசிலாந்தின் வானிலைத் துறைக்குத் தலைவராகியிருந்தார்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. காந்தப்புலம் உள்ள படலத்தில் அலை எப்படிப் பரவும் என்று சொல்லும் சமன்பாட்டை ஆப்பிள்டன்-ஹார்ட்ரீ சமன்பாடு என்கிறார்கள். அதன் கணக்கில் பெரும்பங்கு, 1925இல் வியன்னாவிலிருந்து வந்து கிங்ஸ் கல்லூரியில் ஆப்பிள்டனுடன் வேலை செய்த வில்ஹெல்ம் ஆல்டார் என்ற இளைஞருடையது. அறிவியல் வரலாற்றாசிரியர் ஸ்டூவர்ட் கில்மோர் 1982இல் இதை ஆவணங்களோடு வெளியிட்டார். ஆப்பிள்டன் இறந்து அப்போது 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. பேராசிரியர் வேண்டுமென்று மறைத்தாரா, அந்தக் கால வழக்கமே அப்படியா என்று வாதாடலாம். எனக்கு அது அவருடைய கணக்கில் ஒரு குறையாகத்தான் படுகிறது. ஆராய்ச்சி மாணவர் ஒருவரோடு விடிய விடிய உட்கார்ந்து மங்கல்களை எண்ணி, கட்டுரையில் அவர் பெயரையும் சேர்த்து வெளியிட்டவருக்கு, இதைச் செய்யத் தெரியாமல் இருந்திருக்காது. பாடநூல்கள் பலவற்றில் அந்தச் சமன்பாட்டின் தலைப்பில் இன்னமும் இரண்டு பெயர்கள்தான் இருக்கின்றன.